மீந்த உருளைக்கிழங்கு மசியலில் சீஸ் பஃப்: எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது

பாலும் வெண்ணெயும் விட்டு மசித்த உருளைக்கிழங்கு செய்தால் ஒரு கிண்ணமாவது மீந்துவிடும். அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலல் விருந்து முடிந்த மறுநாள், பல வீடுகளில் இந்த மசியல்தான் முட்டையும் சீஸும் சேர்ந்து மஃபின் தட்டில் ஏறி ஓவனுக்குள் போய் சீஸ் பஃப் ஆகும். பிரெஞ்சுக்காரர்கள் மசியலில் மஞ்சள் கருவும் வெண்ணெயும் கலந்து, பூ வடிவில் பிழிந்து சுடும் டச்சஸ் உருளைக்கிழங்குக்கும் அடிப்படை இதேதான். நம் ஊரிலும் ஓடிஜி என்ற சின்ன மின் ஓவனும் கன்வெக்ஷன் மைக்ரோவேவும் வந்த வீடுகளில் மாலைப் பலகாரமாக இது நன்றாகவே பொருந்துகிறது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மிருது, நடுவில் உருகிய சீஸ். குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

செய்முறை நான்கு வரியில் அடங்கும். ஆனாலும் பலருக்கும் சரியாக வருவதில்லை. உள்ளே கொழகொழவென்று இருக்கிறது, அச்சை விட்டு வரவில்லை, மேலே வெளுத்துக் கிடக்கிறது என்று குறைகள் பலவிதம். உடனே ஓவனைச் சந்தேகப்படுகிறோம், சூட்டைக் கூட்டிக் குறைக்கிறோம். என் அனுபவத்தில் முக்கால்வாசிக் குறைகளுக்குக் காரணம் ஓவன் இல்லை, மசியலில் இருக்கும் ஈரம். ஓவன் பொத்தானைத் தொடும் முன்பு கிண்ணத்தில் இருப்பதைப் பார்க்கப் பழகிவிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் வராமலே போய்விடும்.

முதலில் ஒரு அடிப்படை அளவு. கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

ஃப்ரிட்ஜில் ஆறிய மசியல் 2 கப், அதாவது 450 முதல் 500 கிராம். முட்டை 1. துருவிய சீஸ் 100 கிராம். இதில் முக்கால் பங்கு கலவைக்குள், கால் பங்கு மேலே தூவ. சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) அல்லது மைதா 2 மேசைக்கரண்டி. பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி. ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு முன்சூடு செய்து, வெண்ணெய் தடவிய மஃபின் தட்டில் நிரப்பி, சாதாரண அளவுக் குழி என்றால் 25 முதல் 30 நிமிடம், சின்னக் குழி என்றால் 18 முதல் 22 நிமிடம். சாதாரணக் குழியில் எட்டு, ஒன்பது வரும்.

எடுக்கும் மசியல் நல்லதா?

இதை முதலில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இதற்குத் திருத்தம் கிடையாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். அப்படி வைத்தது மூன்று, நான்கு நாள் தாங்கும். இரவு முழுக்க மேடையில் மூடிக் கிடந்த மசியல், அதுவும் நம் ஊர் வெயில் காலத்தில், வேண்டவே வேண்டாம். பாலும் மாவுச்சத்தும் சேர்ந்த உணவில் வளரும் சில பாக்டீரியாக்கள் விட்டுவைக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஓவனில் 200 டிகிரியில் வேகப்போகிறதே என்ற எண்ணம் இங்கே உதவாது. புளித்த வாடை, மேலே நூல்போல இழுபடும் வழவழப்பு இரண்டில் எது இருந்தாலும் கொட்டிவிடுங்கள். வாடை வராத மசியலும் கெட்டிருக்கலாம் என்பதால், வெளியில் எத்தனை மணி நேரம் இருந்தது என்ற கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

அதேபோல, பச்சை படர்ந்த கிழங்கில் செய்த மசியல் கசக்கும். அந்தக் கசப்பு சோலனைன் என்ற நச்சிலிருந்து வருவது. வேகவைத்தாலும் போகாது, சீஸ் போட்டு மறைக்கவும் கூடாது.

உள்ளே கொழகொழவென்று, வேகாத மாவு போல இருக்கிறது

அதிகம் வரும் குறை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

உருளைக்கிழங்கிலேயே ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். அதன் மேல் நாம் பால் ஊற்றியிருக்கிறோம். சாப்பாட்டுத் தட்டில் மசியல் தளர்வாக இருந்தால்தான் நன்றாக இருக்கும். அச்சில் வைத்துச் சுடுவதற்கு அதே தளர்ச்சிதான் கேடு. போதாததற்கு முட்டை வேறு: 50 கிராம் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். "கெட்டியாகட்டும்" என்று இரண்டாவது முட்டையை உடைத்து ஊற்றுகிறவர்கள் உண்மையில் இன்னும் 35 கிராமுக்கு மேல் தண்ணீர் சேர்க்கிறார்கள். முட்டை கூடினால் கலவை இறுகும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் அப்போது கிடைப்பது உருளைக்கிழங்குப் பலகாரம் இல்லை, ஆம்லெட் வாசம் அடிக்கும் ஏதோ ஒன்று.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. முட்டை சேர்ப்பதற்கு முன்பு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மசியலை ஒரு கரண்டி எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் ஒட்டி நின்றால் சரி. மெல்ல வழிந்து விழுந்தால் ஈரம் அதிகம். கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் மட்டும் கொஞ்சம் ஒட்டலாம். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கலக்கிவிடாமல் சாய்த்து வடித்துவிடுங்கள்.

ஈரம் அதிகம் என்று தெரிந்தால் மாவைக் கொட்டிக்கொண்டே போகாதீர்கள். மூன்று, நான்கு மேசைக்கரண்டிக்கு மேல் மைதா போனால் பச்சை மாவு ருசி வரும், தின்னும்போது கனமாகவும் இருக்கும். அகலமான அடிகனமான வாணலியில் மசியலைப் பரப்பி, மெல்லிய தீயில் ஐந்து நிமிடம் அவ்வப்போது புரட்டிவிடுவதுதான் சிறந்தது. ஆவி கிளம்பும், ஓரங்கள் வாணலியை விட்டு வரத் தொடங்கும். அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வதக்குகிற வேகத்தில் கிண்ட வேண்டாம், திருப்பிப் போட்டால் போதும். காரணத்தை அடுத்த குறையில் சொல்கிறேன். அப்புறம் நன்றாக ஆறவிட்டு முட்டை சேருங்கள். சூட்டோடு ஊற்றினால் முட்டை அங்கங்கே திரிந்து வெந்துவிடும்.

அடுப்பில் வைக்க நேரமில்லை என்றால் பிரட் தூள் நல்ல துணை. காய்ந்த பிரட் தூள் மூன்று மேசைக்கரண்டி கலந்து பத்து நிமிடம் விட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பச்சை வாடையும் இருக்காது. ரவையும் உதவும், ஆனால் அதற்கு அரைமணி ஊற வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் நறநறக்கும்.

ஏற்கெனவே சுட்டு எடுத்துப் பிட்டுப் பார்த்தபோதுதான் உள்ளே கொழகொழப்பு தெரிந்ததா? பதறாதீர்கள். கலவையை அச்சிலிருந்து வழித்து எண்ணெய் தடவிய அகலத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேலே கொஞ்சம் பிரட் தூளும் சீஸும் தூவி மறுபடி 200 டிகிரியில் 20 நிமிடம் விடுங்கள். பரப்பு கூடினால் ஈரம் வெளியேற வழி கிடைக்கும். உருவம் மாறிவிடும், சுவை கெடாது. துண்டு போட்டுப் பரிமாறலாம்.

இந்தக் குறை அடிக்கடி வருகிறது என்றால் கிழங்கையும் கவனியுங்கள். விரலால் தேய்த்தாலே தோல் உரியும் புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. மசியலும் தளர்வாகத்தான் வரும். தோல் முற்றிய பழைய கிழங்கு இதற்கு நல்லது. வேகவைக்கும்போது துண்டு போட்டுத் தண்ணீரில் மூழ்கடிப்பதைவிட, முழுசாகத் தோலோடு ஆவியில் வேகவைத்தால் கிழங்கு குடிக்கும் தண்ணீர் குறையும். குக்கரில் வைப்பவர்கள் கிழங்கைத் தண்ணீருக்குள் போடாமல் தட்டில் வைத்து ஏற்றுங்கள்.

பசை போல இழுபடுகிறது, வாயில் ஒட்டுகிறது

இது ஈரப் பிரச்சினை இல்லை. மசியல் மிக்ஸியிலோ ஹேண்ட் பிளெண்டரிலோ அரைபட்டிருக்கிறது.

வெந்த கிழங்கு சின்னச் சின்னச் செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பிப்போய் அடைபட்டிருக்கும். மத்தால் மசித்தால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், பெரும்பாலும் உடையாது. வேகமாகச் சுழலும் பிளேடு செல் சுவர்களைக் கிழித்துவிடும். உள்ளேயிருந்த மாவுச்சத்து வெளியே வந்து தண்ணீரோடு சேர்ந்து சுவரொட்டி ஒட்டும் பசை ஆகிவிடும். அதை மறுபடி செல்லுக்குள் அனுப்ப எந்த வழியும் இல்லை. மாவு, முட்டை, சீஸ் எதைச் சேர்த்தாலும் அது பசையாகவேதான் இருக்கும்.

அப்படிப்பட்ட மசியலில் பஃப் செய்யாதீர்கள். கோதுமை மாவில் பிசைந்து சப்பாத்திக்கோ பரோட்டாவுக்கோ போட்டுவிடுங்கள். அங்கே அந்த ஒட்டும் குணம் மாவை மிருதுவாக்கும். சீஸையும் உள்ளே வைத்துத் திரட்டலாம், வீணாகாது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று இருக்கிறது. நல்ல மசியலைக்கூட முட்டை, சீஸ் சேர்க்கும்போது நாம் பசையாக்கிவிடலாம். அதிலும் சூடாக இருக்கும்போது போட்டுப் பிசைந்தால் சீக்கிரமே கெட்டுவிடும். முட்டையைத் தனியாக அடித்து ஊற்றி, மரக்கரண்டியால் பத்துப் பதினைந்து முறை மடித்துக் கலந்தால் போதும். அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தால் தெரியட்டும்.

இந்தப் பலகாரத்துக்கு அன்றைய மசியலைவிட நேற்றைய மசியல் நல்லது என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் ஆறும்போது, வெந்து குழைந்த மாவுச்சத்தின் மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. பழைய சோறு விறைப்பதும் இப்படித்தான். இறுகிய மாவுச்சத்து அவ்வளவு ஒட்டாது, உருவம் பிடித்து நிற்கும். புதிதாக மசித்துத்தான் செய்ய வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு தொடங்குங்கள்.

எடுக்கும்போது உதிர்ந்து போகிறது

அவசரத்தில் எடுத்தால் எந்த மசியலும் உதிரும். ஓவனிலிருந்து வந்ததும் உள்ளே சீஸ் திரவமாக இருக்கிறது, அதற்குப் பிடிமானம் கிடையாது. தட்டை மேடையில் வைத்து ஏழெட்டு நிமிடம் விடுங்கள். சீஸ் கொஞ்சம் இறுகும், ஓரம் சுருங்கி அச்சை விட்டுத் தானாக விலகும்.

காத்திருந்தும் உதிர்கிறது என்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். சீஸ் அளவுக்கு மீறிப் போயிருக்கும்; 2 கப் மசியலுக்கு 125 கிராமைத் தாண்டினால் கிழங்கால் தாங்க முடியாது. அல்லது மசியலில் கட்டிகள் இருக்கும். கட்டியைச் சுற்றி முட்டை பிடிக்காது, அந்த இடத்தில் பிளந்துகொள்ளும். அல்லது முட்டையே போட்டிருக்க மாட்டீர்கள்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை இங்கே இரண்டு வேலை செய்கிறது: 62 டிகிரியில் வெள்ளைக்கரு இறுகத் தொடங்கிக் கலவையைக் கட்டிப் பிடிக்கிறது, உள்ளே எழும் ஆவியைக் கொஞ்சம் தாங்கி உப்ப வைக்கிறது. முதல் வேலையைச் சோள மாவும் பிரட் தூளும் செய்துவிடும். இரண்டாவதை அவற்றால் செய்ய முடியாது. எனவே மஃபின் அச்சை விட்டுவிடுங்கள். 2 கப் மசியலுக்கு 3 மேசைக்கரண்டி சோள மாவும் 4 மேசைக்கரண்டி பிரட் தூளும் கலந்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாகத் தட்டி, எண்ணெய் தடவிய தட்டில் அடுக்கி, பாதியில் ஒருமுறை திருப்பிப் போட்டுச் சுடுங்கள். நடுவில் ஒரு துண்டு சீஸை வைத்து மூடித் தட்டினால் இன்னும் நல்லது. உப்பாது, ஆனால் இரண்டு பக்கமும் மொறுமொறுப்பு கிடைக்கும். சொல்லப்போனால் எனக்கு இந்த வடிவம்தான் அதிகம் பிடிக்கும்.

அச்சை விட்டு வரவில்லை

சீஸ் அச்சின் சுவரைத் தொட்ட இடத்தில் கருகி ஒட்டியிருக்கும். மேலே தூவுவதை நடுவில் மட்டும் தூவுங்கள். அச்சுக்கு எண்ணெயைவிட இளகிய வெண்ணெய் நன்றாகப் படியும். அதன் மேல் பிரட் தூளைத் தூவிச் சுழற்றி, மிச்சத்தைத் தட்டிவிட்டால் ஒட்டவும் செய்யாது, பக்கச் சுவரும் மொறுமொறுப்பாக வரும்.

காகிதக் கப்கேக் கிண்ணம் வேண்டாம். மசியல் அதைப் பிடித்துக்கொள்ளும், பாதிப் பலகாரம் காகிதத்தோடு போகும். சிலிகான் அச்சில் சுலபமாக வரும், ஆனால் அதில் சூடு மெதுவாகத்தான் ஏறும் என்பதால் பக்கங்கள் சிவக்காது. அலுமினியமோ அடர்நிற நான்ஸ்டிக் தட்டோதான் என் தேர்வு. ஏற்கெனவே ஒட்டிவிட்டது என்றால், தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெல்லிய கத்தியை ஓரமாக ஒரு சுற்று விட்டு, கரண்டியால் அடியிலிருந்து நெம்புங்கள். முழுக்க ஆறினால் சீஸ் பாறையாகிவிடும்.

மேலே வெளுத்துக் கிடக்கிறது, சிவக்கவில்லை

ஈரமாக இருக்கும் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை சூடு அந்த வேலைக்கே செலவாகும். பொன்னிறமும் வறுத்த மணமும் வர ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஆக, ஈரம் அதிகமுள்ள கலவை முப்பது நிமிடம் ஓவனில் இருந்தாலும் வெளுத்தே இருக்கும்.

ஈரம் சரியாக இருந்தும் சிவக்கவில்லை என்றால் அடுத்து ஓவனைப் பாருங்கள். ஓடிஜியில் கீழ்க்கம்பி மட்டும் எரிகிறதா? பேக்கிங் என்ற குறியில் பல ஓடிஜிகளில் கீழ்க்கம்பிதான் இயங்கும். முதல் இருபது நிமிடம் அப்படியே விடுங்கள், கடைசி ஐந்தாறு நிமிடம் இரண்டு கம்பியும் எரியும் குறிக்கு மாற்றுங்கள். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கன்வெக்ஷன் முறையில்தான் வைக்க வேண்டும். வெறும் மைக்ரோவேவில் உள்ளே கொதிக்கும், வெளியே எந்த நிறமும் வராது. முன்சூடு விளக்கு அணைந்த பிறகும் ஐந்து நிமிடம் காத்திருந்து தட்டை வைப்பது நல்லது. சின்ன ஓவன்களில் காற்று சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது, கதவைத் திறந்ததும் வெப்பம் இறங்கிவிடும்.

நிறத்துக்கு உதவும் இன்னும் இரண்டு விஷயம். மேற்பரப்பை முள்கரண்டியால் கீறி மேடு பள்ளமாக்குங்கள், மேட்டு நுனிகள் முதலில் காய்ந்து சிவக்கும். மேலே தூவும் சீஸில் ஒரு பங்காவது பார்மசான் இருக்கட்டும். செடாரில் ஈரம் 37 சதவீதத்தை ஒட்டி இருக்கும், மொசரெல்லாவில் ஏறக்குறைய பாதி. பார்மசானில் 30 சதவீதத்தை ஒட்டித்தான். காய்ந்த சீஸ் சீக்கிரம் நிறம் பிடிக்கும். பார்மசான் கிடைக்கவில்லையா, வெண்ணெயில் புரட்டிய பிரட் தூள் போதும்.

மேலே கருகிவிட்டது, உள்ளே இன்னும் சில்லென்று இருக்கிறது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மசியல் 4 டிகிரியில் இருக்கும். அதைச் சாதாரணக் குழியில் கூம்பாக நிரப்பி 220 டிகிரியில் வைத்தால் இப்படித்தான் ஆகும். கலவை சேர்த்த பின் இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு, குழியின் விளிம்பு மட்டத்துக்கு மட்டும் நிரப்பி, 200 டிகிரியில் வையுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கத்தியை நடுவில் செருகிப் பத்து விநாடி கழித்து எடுத்துப் புறங்கையில் தொட்டுப் பாருங்கள், நன்றாகச் சுட வேண்டும். மேலே சீக்கிரம் நிறம் வந்துவிட்டால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடி மிச்ச நேரத்தைத் தொடரலாம்.

சூடு சரியாக இருந்தும், சீஸ் இல்லாத இடத்தில்கூடத் திட்டுத் திட்டாகக் கறுக்கிறதா? தின்றால் லேசாக இனிக்கிறதா? அப்போது கிழங்கிலேயே சர்க்கரை ஏறியிருக்கிறது. 2 முதல் 4 டிகிரிக் குளிரில் நாள்கணக்கில் இருக்கும் வேகவைக்காத கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் கிழங்கிலும், நாமே காய்கறித் தட்டில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கிலும் இதைப் பார்க்கலாம். சிப்ஸ் தொழிலுக்கு இது பெரிய தலைவலி. அதனால்தான் சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் குஃப்ரி சிப்சோனா என்ற ரகங்களை உருவாக்கியது. அவற்றில் சர்க்கரை குறைவு, தண்ணீர் போக எஞ்சும் திடப்பொருள் 20 சதவீதத்துக்கு மேல். நம் வீட்டுக்குத் தேவையானது ஒன்றுதான்: வேகவைக்காத கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காமல் காற்றோட்டமான இருட்டில் கூடையில் வையுங்கள். இனித்துவிட்ட மசியலை 180 டிகிரியில் பத்து நிமிடம் கூடுதலாகச் சுட்டால் கருகாமல் தப்பிக்கலாம்.

உப்பி வந்தது, வெளியே எடுத்ததும் அமுங்கிவிட்டது

இது குறையே இல்லை. உள்ளே இருந்த ஆவி ஆறியதும் இறங்குகிறது. கேக் போல நிற்க வைக்க இதில் மாவின் பின்னல் கிடையாது. பேக்கிங் பவுடர் போட்டால் இன்னும் உயர எழும்பி இன்னும் ஆழமாக அமுங்கும். வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் மடித்துக் கலந்தால் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும்.

எண்ணெய் பிரிந்து குளமாக நிற்கிறது

மசியலில் வெண்ணெய் தாராளமாகப் போயிருக்கும், மேலே வந்த சீஸும் நன்றாக முதிர்ந்த செடாராக இருக்கும். முதிர்ந்த சீஸில் கொழுப்பைத் தாங்கும் புரதப் பின்னல் தளர்ந்திருக்கும், சூடு பட்டதும் கொழுப்பை விட்டுவிடும். செடாரின் மணம் வேண்டும், எண்ணெய் வேண்டாம் என்றால் பாதி செடார், பாதி மொசரெல்லா எடுத்து, துருவலை ஒரு தேக்கரண்டி சோள மாவில் புரட்டிச் சேருங்கள்.

கடையில் கட்டியாகவும் டின்னிலும் கிடைக்கும் புராசஸ்டு சீஸில் இந்தத் தொல்லை குறைவு. கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் அதில் கலந்திருக்கும். ஆனால் அதே காரணத்தால் அது இழுபடாது, குழைவாக மட்டும் நிற்கும். கலவைக்குள் அதைப் போடுங்கள், மேலே தூவ வேறு சீஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சீஸ் உருகவே இல்லை, அல்லது ரப்பராகிவிட்டது

பன்னீர் போட்டிருந்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் உருகாது. எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரித்த பாலில் புரதம் இறுகப் பிடித்துக்கொள்ளும், சூட்டில் வெறும் தண்ணீரைத்தான் விடும். அதுவும் ஈரத்தைக் கூட்டும் வேலை. பன்னீர் போடுவதென்றால் துணியில் பிழிந்து பொடித்து உள்ளே கலக்கலாம், உருகும் சீஸுக்கு மாற்றாக எண்ண வேண்டாம்.

துருவியே பாக்கெட்டில் வரும் சீஸில் இழைகள் ஒட்டாமலிருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள், அது உருகுவதைக் கொஞ்சம் தடுக்கும். கட்டியாக வாங்கித் துருவுவது மேல். மொசரெல்லா சூட்டில்தான் இழுபடும். ஆறினால் விறைக்கும், அதிக நேரம் சுட்டால் ஈரம் போய்த் தோலாகிவிடும். அதனால் மேல் சீஸைக் கடைசி எட்டு நிமிடத்தில் தூவுங்கள். ஏர் ஃப்ரையரில் செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். விசிறிக் காற்று முதலிலேயே துருவலைப் பறக்கவிட்டு மேல்கம்பியில் ஒட்டவைத்துப் புகைய விடும். அதில் 180 டிகிரியில் 12 நிமிடம் சுட்ட பிறகு சீஸ் தூவி, மூன்று நிமிடம் விட்டால் போதும்.

சப்பென்று இருக்கிறது அல்லது உப்புக் கரிக்கிறது

குளிர்ந்த மசியலை வைத்து உப்பின் அளவைச் சரியாகக் கணிக்க முடியாது. சீஸிலும் உப்பு உண்டு, புராசஸ்டு சீஸில் இன்னும் அதிகம். எனவே மசியலைத் தனியே ருசி பார்த்து உப்புப் போடாதீர்கள். சீஸ் கலந்த பிறகு, முட்டை ஊற்றும் முன்பு, ஒரு துளியைச் சூடாக்கி வாயில் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

சப்பென்று இருப்பதற்குப் பெரும்பாலும் உப்பு காரணம் இல்லை, காரமும் புளிப்பும் இல்லாததுதான் காரணம். பாலும் வெண்ணெயும் சீஸும் எல்லாமே ஒரே திசையில் இழுக்கும் ருசிகள். கடுகுப் பொடி கால் தேக்கரண்டி, புதிதாக உடைத்த மிளகு, பொடியாக அரிந்த பச்சை மிளகாய், ஒரு சிட்டிகை ஜாதிக்காய் இவற்றில் இரண்டைச் சேர்த்தால் சீஸின் மணமே தூக்கலாகத் தெரியும். பூண்டைப் பச்சையாக மேலே தூவ வேண்டாம், கருகிக் கசக்கும். வதக்கி உள்ளே கலக்கவும். உப்பு கூடிவிட்டது என்றால் உப்பில்லாமல் வேகவைத்த ஒரு கிழங்கை மசித்துச் சேருங்கள், தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிர் வையுங்கள்.

மீந்தது மசியல் இல்லை, பூரி மசால்

பலர் வீட்டில் உண்மையில் மிஞ்சுவது இதுதான், செய்யவும் முடியும். ஆனால் வெங்காயம் தண்ணீர் விட்டிருக்கும், கடலை மாவு கரைத்து ஊற்றியிருந்தால் இன்னும் தளர்வாக இருக்கும். வாணலியில் பத்து நிமிடம் சுருள வைத்தே ஆக வேண்டும். கறிவேப்பிலையையும் இஞ்சித் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள், பல்லில் படும். எண்ணெய் ஏற்கெனவே இருப்பதால் வெண்ணெய் வேண்டாம். மஞ்சளோடு பார்மசானும் செடாரும் எனக்கு ஒத்துவரவில்லை. புராசஸ்டு சீஸும் மொசரெல்லாவும் நன்றாகச் சேர்கின்றன. மேலே கொத்தமல்லித் தழை.

மறுநாள் நமத்துப் போகிறது

மைக்ரோவேவில் சூடாக்கினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வந்து மேலோட்டை நனைத்துவிடும். ஓவனில் 180 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம், அல்லது தோசைக் கல்லில் மூடாமல் மெல்லிய தீயில் இரண்டு பக்கமும் வையுங்கள். சுட்டதும் சூடாகவே டப்பாவில் அடைப்பதும் நமப்புக்குக் காரணம். கம்பித் தட்டில் ஆறவிட்டு அடையுங்கள். ஏற்கெனவே மீந்துபோன மசியலில் செய்தது என்பதால் மறுநாளைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

நிறைய மசியல் இருந்தால் சுடாமலே உறையவைப்பது நல்லது. முட்டை சேர்த்த கலவையைப் பட்டர் பேப்பர் விரித்த தட்டில் உருண்டையாகவோ வட்டமாகவோ தட்டி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் இறுக வைத்து, அப்புறம் பையில் போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் வரை ருசி மாறாது. வேண்டும்போது உருகவிடாமல் நேராக 190 டிகிரி ஓவனில் வைத்து, வழக்கமான நேரத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். மேல் சீஸை அப்போது தூவிக்கொள்ளலாம்.